வாஷர் கனம்

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் கொட்டகையின் பின்பாதியில்
இறக்கை கழற்றி நிற்கிறது ஒரு விமானம்.
முன்பாதியில் டிரம் சுழல்கிறது,
மண் கரைந்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது,
மூட்டைக்கு இத்தனை என்று யாரோ கத்துகிறார்கள்.

கிரிஜா ஜோகி என்னைக் கூப்பிட்டது
பைபர் வேலைக்கு.
ஏரியில் மிதிபடகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன் நான்.
வாத்தின் கழுத்து உடைந்தால் நான்,
தேனிலவு ஜோடி கரையில் இடித்தால் நான்.
தண்ணீர் எங்கே நுழையும் என்பது
என் விரலுக்குத் தெரியும்.

"இது தண்ணி இல்ல செல்வின், காத்து.
உள்ள வரட்டும்.
வந்தது வழி மாறக் கூடாது."

நாலு சிலிண்டர்.
ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தகடுகள்,
காளானின் அடிப்புறம் மாதிரி.
மூக்கின் இரண்டு துளைகளில் வரும் காற்றை
மேலே ஒரு மூடிக்குள் நெருக்கி நிறுத்தினால்
அது தகடுகளுக்கு நடுவே
சூட்டை வாங்கிக்கொண்டு இறங்கும்.
வேறு சந்து கிடைத்தாலோ
அந்தச் சந்தோடு போய்விடும்.
"காத்து ஒரு சோம்பேறி" என்றாள்.
எனக்கு என் மச்சான் ஞாபகம் வந்தது.

ஜூலை. நாலு நாளாய் வெயில் இல்லை.
மூடிக்குப் பூசிய ரெசின்
பாயசமாகவே கிடந்தது.
கோழிக்குஞ்சுக்குச் செய்வதுபோல
அட்டைப்பெட்டி கவிழ்த்து
உள்ளே அறுபது வாட் பல்பு,
மேலே அவள் கணவரின் கம்பளி.
அவர் வந்தார், பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
வேறு கம்பளி தேடிப் போனார்.

மூடி உட்கார்ந்தது. முப்பத்திரண்டு திருகு.
விளிம்பெல்லாம் சிவப்பு சிலிகான்.
அதே பல்பை உள்ளே விட்டு
கொட்டகை விளக்குகளை அணைத்தோம்.
வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும்.

லவ்டேல் வளைவிலிருந்து
ராத்திரியில் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறீர்களா,
இங்கொரு வீடு அங்கொரு வீடாக?
எஞ்சின் அப்படி இருந்தது.
ஒவ்வொரு வீடாக அணைத்தேன்.
பதினேழு.
கடைசி வீடு பிளக் வயர் நுழையும் துளை,
சுண்டுவிரல் நகம் அளவு.

ஞாயிறு, லாரி போன பிறகு
வாலைத் தூணோடு சங்கிலியில் கட்டி
ஓட்டினாள்.
பின்னால் முட்டைகோஸ் இலைகள்
மொத்தமாய் ஒரு பக்கம் படுத்தன.
ஒன்று, இரண்டு, நான்கு நல்ல பிள்ளைகள்.
மூன்று மட்டும் ஏறிக்கொண்டே போனது.
இருநூற்றுப் பத்தில் அணைத்தாள்.
"இந்தக் குளிர்லயே இப்படின்னா
கீழ, காரமடை வெயில்ல?"
இங்கே ஓடுதளம் ஏது.
பதினாலு கொண்டை ஊசி
லாரியில் இறக்கித்தான் பறக்க வேண்டும்.

மறுபடி பல்பு. மறுபடி இருட்டு.
ஒரு பொட்டு கசியவில்லை.
எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் கேரட் சாக்கை விரித்து
எஞ்சினுக்கு அடியில் மல்லாந்தாள்.
"இங்க வந்து பாரு."
கீழிருந்து,
தகடுகளின் இடுக்குகள் வழியே
சீப்புப் பற்களாய் இறங்கிக்கொண்டிருந்தது வெளிச்சம்.
மூன்றாவதின் முதுகில் மட்டும்
இருட்டு.

அங்கே தகடுகள் குட்டை.
அலுமினியத் தடுப்பு அதன்மேல் சாய்ந்து நிற்கிறது.
அது போதாதென்று
ஓரத்தில் நான் சிலிகானும் பூசியிருக்கிறேன்,
அழகாக, விரலால் வழித்து.

பிளேடால் சுரண்டினேன்.
போல்ட்டைக் கழற்றி
தடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே
ஒரே ஒரு வாஷர்.
இருபத்து மூன்று வருஷமாய் அடைத்த கை,
மாட்டிவிட்டு
இரண்டு தடவை திரும்ப எடுக்கப் போனது.
"விடு" என்றாள்.

சாயங்காலம் மூன்றாவது
நூற்று எண்பத்தைந்தில் நின்றது.
அவள் நோட்டில் எழுதினாள், தேதி போட்டு.
வாஷர் என்ன கனம் என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை,
என் படகு டப்பாவில் கிடந்தது.

கம்பளியைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒரு மூலையில் ரெசின் சொட்டி
பத்து ரூபாய் நாணயம்போல் இறுகியிருந்தது.
அவள் கணவர் அதை நகத்தால் தட்டிப் பார்த்தார்.
"நல்லாத்தான் காஞ்சிருக்கு" என்றார்.